குலிகோ வீட்டு நோட்டில் எழுதியது

மணல் இல்லை.
முதல் குறை அதுதான்.
ஷார்ஜாவில் ஒன்பது வருடமாக
மணலைத் தட்டித் தட்டி வீட்டுக்குள் போகிறவன்
ஐந்து நாள் லீவில் கருங்கடலுக்கு வந்து
மணல் எங்கே என்று கேட்கிறேன்.

கூழாங்கல். கண்ணுக்கு எட்டியவரை.
மாத்திரை அளவு, முட்டை அளவு,
குழந்தையின் முழங்கால் அளவு.
செருப்பைக் கழற்றியதும்
ஆறடி ஆண்களும் அழகிகளும்
ஒரே நடைக்கு வந்துவிடுகிறார்கள்:
கடன் கொடுத்தவன் வாசலைத்
தாண்டிப் போகிறவனின் நடை.

அலை வருவது கேட்பதில்லை.
திரும்பும்போதுதான் சத்தம்.
ஒரு மூட்டைப் புளியங்கொட்டையைச்
சிமெண்ட் தரையில் சரித்தாற்போல.

சிமெண்ட் என்றதும் நினைவு வருகிறது.
"சிமிந்தி! சிமிந்தி!" என்று கூவிக்கொண்டு
ஒரு பையன் வந்தான்.
இங்கே யாருக்கடா சிமெண்ட் என்று நிமிர்ந்தால்
வாளியில் ஆவி பறக்க மக்காச்சோளம்.
தாதோ என்று பெயர். தோல் உரிந்த மூக்கு.
உப்பு கேட்டேன், சைகையில்.
கடலைக் காட்டிவிட்டு
அடுத்த குடைக்குப் போய்விட்டான்.

அவனை நம்பித்தான் இறங்கினேன்.
மூன்று அடி வரை தரை இருந்தது,
நான்காவதில் இல்லை.
குடித்த இரண்டு வாயில் தெரிந்தது,
உப்பு குறைவு.
பத்தியக்காரருக்கு ஆக்கிய ரசம் மாதிரி ஒரு கடல்.

படுக்கை நாற்காலிக்கு வாடகை பத்து லாரி.
(இவர்கள் காசுக்கு லாரி என்று பெயர்.
நிஜ லாரி பின்னால் வருகிறது.)
காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய்கள்
வாடகை தராமல் நிழலில் கிடக்கின்றன.
மூன்று மணி வாக்கில் மாடுகள் வந்தன.
ஈக்கடிக்குத் தப்பிப் பைன் மரங்களைத் தாண்டி வந்து
தண்ணீரில் கால் வைத்து நின்றன.
யெரெவானிலிருந்து வந்த ஒரு பிகினி அம்மாள்
துண்டை இழுத்துக்கொண்டு தள்ளிப் படுத்தாள்,
பஸ்ஸில் இடம் விடுவதுபோல.

இரண்டாம் நாள் முழுக்க மழை. எழுத ஒன்றுமில்லை.

மூன்றாம் இரவு
இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்தது.
பால்கனியிலிருந்து பார்த்தால்
கடலை நோக்கிப் பின்வாங்கும் விளக்குகள்.
ஒன்று, ஒன்றின் பின் ஒன்று, ஏழு லாரிகள்.
பின்தட்டு தூக்க, கடகடவென்று
கரை இறங்கியது.

கீழே போனேன். ஜெமால் என்ற டிரைவர்
சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.
என் போனில் அவர் மொழியைப் பேசினார்,
போன் அதைத் தட்டையான குரலில்
ஆங்கிலமாக்கிச் சொன்னது:
கடல் தின்கிறது. ஆற்றிலிருந்து கொண்டுவருகிறோம்.
போன வாரப் புயலில் எண்பது லோடு.
சீசன் முடிவதற்குள் மறுபடியும் தின்னும்.

நான் மூன்று நாளாக மல்லாந்து கிடந்தது
இவர் கொட்டிய குவியலின் மேல்.

பாக்கெட்டில் ஒரு கல் இருந்தது,
கறுப்பில் வெள்ளை வளையம் போட்டது,
ஆபீஸ் மேஜைக்காக எடுத்தது.
ஏனோ அதை அவரிடம் நீட்டினேன்.
டார்ச் அடித்துப் பார்த்தார்.
"என்னுடையதுதான். போன வருடத்து லோடு,"
என்று சொன்னதாகப் போன் சொன்னது.
அவர் சிரித்ததைப் போன் சொல்லவில்லை.
பிறகு அதைக் கடலில் வீசிவிட்டு
புதுக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்தார்.
சேறு ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் கூர்.
இதை வைத்துக்கொள், கடல் இன்னும் பார்க்காதது.

குலிகோ அம்மா, நீங்கள் கேட்டது
பிடித்ததும் பிடிக்காததும்.
வெந்நீர் ஆறு மணிக்குமேல் வருவதில்லை.
முட்டை உடைத்து ஊற்றிய படகு ரொட்டி
ஒருவருக்கு அதிகம், இருவருக்குப் போதாது.
கல்லை உங்கள் வாளியில் கழுவினேன்,
சேறு அடியில் தங்கியிருக்கும், மன்னிக்கவும்.

இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறீர்கள்.
ரஷ்ய, ஆர்மீனிய எழுத்துகளுக்குக் கீழே
இந்தச் சுழிகளின் மேல் விரலை ஓட்டி
என்ன எழுதியிருக்கிறாய் என்கிறீர்கள்.
நன்றாக இருந்தது என்று, என்றேன்.
இவ்வளவு நீளமாகவா, என்கிறீர்கள்.